1974 போலர் ரெயிலர் ஒன்று பார்த்திருக்கிறேன், வாங்கலாமா?

ஸ்காபரோ சுதன்:

வணக்கம். பீற்றர்பரோ பக்கம் ஒரு தோட்டக்காரரின் கொட்டிலுக்குப் பின்னால் 13 அடி போலர் ரெயிலர் ஒன்று, காரின் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுக்கும் பைபர் கிளாஸ் வண்டி, நிற்கிறது. 1974ஆம் ஆண்டுச் சாமான். 5,500 டொலர் சொல்கிறார். வெளியே உடைவு இல்லை, ஆனால் கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டுகிறது. உள்ளே பூஞ்சண மணம். கூரைக் காற்றுத் துவாரத்தைச் சுற்றி யாரோ சிலிக்கோனை அப்பி வைத்திருக்கிறார்கள்.

போன ஆடியில் அல்கொன்குவின் பூங்காவில் இரவு முழுக்க மழை. கூடாரத்துக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து மனைவி இனித் தரையில் படுக்கமாட்டேன் என்று நிற்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர். என் கார் 1,500 இறாத்தல் வரை இழுக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது. பைபர் கிளாஸ் வேலை எனக்குச் சுத்தமாகத் தெரியாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பழைய இரும்பு:

தம்பி, முதலில் முதுகு நிலத்தில் படப் படுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் 1972 போலர் ஒன்றை வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் இதைத் தொடங்கினார். அதற்கு முன்னர் பைபர் கிளாஸில் மலக்குழித் தொட்டி வடிவமைத்த மனுசன். மேல் பாதியை ஒரு அச்சிலும் கீழ்ப் பாதியை இன்னொரு அச்சிலும் வார்த்து, இரண்டையும் இடுப்பில் ஒட்டிவிட்டால் வீடு. மலத்தொட்டி செய்தவரின் கூடு ஒழுகுமா? ஒழுகுவது கூட்டில் போட்ட ஓட்டைகள்தான். உள்ளே அலுமாரிகளைப் பிடித்திருக்கும் ரிவெட்கள் கூட்டைத் துளைத்துத்தான் நிற்கின்றன. அவற்றின் மேல் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் தொப்பிகளைக் கழற்றிப் பாருங்கள். யன்னல் ஓரம், கூரைத் துவாரம், பின் விளக்கு எல்லாம் இதே கதை. அந்தச் சிலிக்கோன்தான் எனக்குக் கவலை. ஒருமுறை பூசினால் அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது. பிளாஸ்ரிக் தகட்டால் கடைசித் துணுக்குவரை சுரண்டி எடுத்துவிட்டு பியூட்டைல் நாடா என்கிற ஒட்டும் ரப்பர் நாடா வைக்க வேண்டும். எனக்கு ஒரு துவாரத்துக்கே இரண்டு பின்னேரம் போனது.

இனி அடிப்பக்கம். இதற்கு வில்லுத்தகடு கிடையாது. சில்லுகளைத் தாங்கும் ஆக்சில் குழாய்க்குள் இருக்கும் ரப்பர்தான் வில். சில்லைப் பிடித்திருக்கும் கை, ஆக்சிலிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து நிற்க வேண்டும். நேராகவோ மேல்நோக்கியோ நின்றால் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். ஐம்பது வயது ரப்பர் செத்துத்தான் இருக்கும், அதை விலையில் கழியுங்கள். எனக்கு ஆக்சிலும் பூட்டுக் கூலியும் 1,400 டொலர் வந்தது.

அதைவிட முக்கியம், கொக்கியிலிருந்து வரும் இரும்புச் சட்டம் கூட்டுக்குக் கீழே நுழையும் இடம். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். எனக்கு விற்றவர் அங்கே புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்து வைத்திருந்தார், நானும் நல்லாய்ப் பராமரித்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்த்தால் பெருவிரல் நீளத்துக்கு வெடிப்பு! 401 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் இழுத்து வந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

பாரமும் கவனம். வெறுமையாக ஆயிரம் இறாத்தல் அளவில் நிற்கும். தண்ணீர், காஸ் சிலிண்டர், அரிசி, சைக்கிள் எல்லாம் ஏற்றி நான் தராசில் விட்டபோது 1,460. உங்கள் காருக்கு அது விளிம்பு.

மிசிசாகா மாலா:

சுண்ணாம்பு மாதிரி ஒட்டுவது வெயிலில் வெந்த ஜெல்கோட், அதாவது பைபர் கிளாஸின் மேற்பூச்சு. அவசரப்பட்டுப் பெயின்ற் வாங்காதீர்கள். 600, 1000 இலக்க அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கொம்பவுண்ட் என்கிற மெருகுப் பசை போட்டு மெருகேற்றினால் பழைய பளபளப்பு பெரும்பாலும் திரும்பும். எங்களிடம் இருக்கும் ட்ரிலியம் என்ற பைபர் கிளாஸ் ரெயிலரில் ஒரு சதுர அடி தேய்த்துப் பார்த்துவிட்டு நானும் அவரும் வாய் பிளந்து நின்றோம்.

ஓட்டை அடைக்க பொலியெஸ்டர் ரெசின் கலக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ரெசினை இறுக வைக்கும் கடினமாக்கியை நான் அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றினேன். தயிர் வாளி கையிலேயே சுட்டு, புகைந்து, அடி இளகிப் புல்லில் விழுந்தது. அந்த வட்டத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், அந்தத் தூள் மூன்று நாள் கடிக்கும்.

இன்னொன்று. உள்ளே மீன் பொரிக்காதீர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் நுரை மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். எங்களுக்கு ஒரு பாரைமீன் செப்டெம்பர் வரை துணைக்கு வந்தது.

ஸ்காபரோ சுதன்:

அண்ணை, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை கம்பித் தூரிகையோடு போனேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சட்டத்தில் துரு இருக்கிறது, வெடிப்பு இல்லை. சில்லுக் கை மட்டும் இரண்டு பக்கமும் வானத்தைப் பார்க்கிறது. அதைக் காட்டினேன், 3,900க்கு இறங்கிவிட்டார். கதவடித் தரையை ஸ்குரூ டிறைவரால் குத்தினேன், ஒரு சாண் அகலத்துக்குப் பிளைவுட் ஈரக் கேக் மாதிரிப் போனது. அதை வெட்டி மாற்றலாம்தானே? ஒரு சிக்கல்: பதிவுப் பத்திரம் அவருடைய காலஞ்சென்ற தகப்பன் பெயரில் இருக்கிறது.

பழைய இரும்பு:

தரை ஒரு வார இறுதி வேலை. நல்ல பலகை வரும்வரை நாலு பக்கமும் வெட்டிப் புதுசு வையுங்கள். பத்திரம்தான் பெரிய வேலை. அவர் அதைத் தன் பெயருக்கு மாற்றி எடுக்கட்டும், அதுவரை முற்பணம்கூட வேண்டாம். மாறினால் ஒன்ராறியோவில் ரெயிலர் இலக்கத்தகடு ஒருமுறை எடுத்தால் போதும், வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை.

ரயரின் பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் என்னவென்று பார்த்தீர்களா? 2311 என்றால் 2011ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்த ரயர். அப்படியானதில் வீடுவரை உருட்டிக்கொண்டு வராதீர்கள், தட்டு லொறியில் ஏற்றுங்கள். லொறி தேவையென்றால் சொல்லுங்கள், என் மச்சானிடம் ஒன்று இருக்கிறது.