ஸோனிங்: மண்டலமா, வலயமா?

வணக்கம்.

எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று அரசு நிலத்தைப் பிரித்து வரையறுப்பதுதான் ஸோனிங் (zoning). அதற்கு 'மண்டலமாக்கல்' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என ஐயா நேற்று எழுதியிருந்தார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறேன். அந்தச் சொல்லால் ஒருவர் அலைந்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

என் அத்தான் ஐந்து சென்ட் மனை வாங்கினார். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். வரைபட அனுமதிக்குக் கொடுத்த விண்ணப்பம், 'மண்டலச் சான்று இணைக்கவும்' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. மனிதர் நேரே மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்குப் போய்விட்டார். வீட்டுவரி ஜன்னல், குடிநீர் ஜன்னல், பிறப்புச் சான்று ஜன்னல் என்று மூன்றிலும் நின்று மதியமாகிவிட்டது. கடைசியில் ஒரு எழுத்தர் அம்மா தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணே, இது எங்க மண்டலம் இல்ல. மாஸ்டர் பிளான்ல உங்க இடம் என்ன கலர்ல இருக்குன்னு கேக்குறாங்க" என்று சொன்னார். மாஸ்டர் பிளான் என்கிற முழுமைத் திட்ட வரைபடத்தில் குடியிருப்பு, வணிகம் என்று ஒவ்வொரு பயனுக்கும் ஒரு நிறம். அவர் சொன்னதுதான் சரியான விளக்கம். பிழை சொல்லில் இருந்தது.

திருநெல்வேலி மாநகராட்சியில் மண்டலம் என்றால் தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், திருநெல்வேலி என்று நான்கு. அது நிர்வாகப் பிரிவு. ஒரே மண்டலத்துக்குள் குடியிருப்பும் இருக்கும், ஆலையும் இருக்கும், வயலும் இருக்கும். எதை எங்கே கட்டலாம் என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

'நில வகைப்பாடு' என்று இன்னொரு நண்பர் சொன்னார். அதில் சிக்கல் இன்னும் பெரிது. நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்பவை வருவாய்த் துறையின் வகைப்பாடு. நிலவரிக் கணக்கோடு வந்தவை. முழுமைத் திட்டமோ 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வருவது. இரண்டும் வேறு வேறு ஆவணங்கள். பட்டாவில் புஞ்சை என்று கிடக்கும் நிலம் திட்ட வரைபடத்தில் குடியிருப்பாக இருக்கலாம். சுற்றிலும் வீடு வந்து, பயிர் நின்று பல காலம் ஆன துண்டு, வரைபடத்தில் இன்னும் வேளாண்மை என்றே இருக்கலாம். மனை வாங்குகிறவர்கள் பட்டா பார்க்கிறார்கள், வில்லங்கம் பார்க்கிறார்கள், தாய்ப்பத்திரம் பார்க்கிறார்கள். அடுத்துப் பார்க்க வேண்டியதற்குத் தமிழில் பழகிய பெயர் இல்லாததால், அப்படி ஒன்றைக் கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. என் கவலையெல்லாம் இதுதான்.

'திணை' என்று எழுதிய தங்கையின் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். அழகான சொல், மனம் அதில்தான் போய் நிற்கிறது. ஆனால் திணை நிலத்தின் இயல்பைச் சொல்வது. நெய்தலை யாரும் ஆணை போட்டு மருதமாக்க முடியாது. இங்கே நாம் பேசுவது அரசு வரைந்து அறிவிக்கும் ஒரு கோடு. மனுக் கொடுத்து, ஆட்சேபம் கேட்டு, மாற்றவும் கூடிய கோடு.

ஆகவே என் பரிந்துரை 'வலயம்'. ஸோன் என்பதன் கிரேக்க மூலத்துக்கு இடுப்புக் கச்சை என்று பொருள். சுற்றி வளைப்பது என்ற அந்தக் கருத்து வலயத்திலும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் நிலம் தொடர்பாக வேறெதற்கும் அது புழங்கி நான் பார்த்ததில்லை. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் வரும் பிரிவுகளையும் அதில் தடையின்றிச் சொல்லலாம்: முதன்மைக் குடியிருப்பு வலயம், கலப்புக் குடியிருப்பு வலயம், வணிக வலயம், வேளாண் வலயம். ரீஸோனிங் என்பது வலய மாற்றம்.

இதுவரை எழுதியதற்கு யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் அனுப்பிய பதில்:

> யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். உங்களுக்கு மண்டலம் போல எங்களுக்கு வலயம். கல்வி வலயம், வலயக் கல்விப் பணிப்பாளர் என்று தினமும் காதில் விழுகிற சொல் அது. 'வலயச் சான்று' என்றால் இங்குள்ளவர்கள் கல்விக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போய் நிற்பார்கள்.

அண்ணா சொல்வது முழுக்க நியாயம். அதை நான் யோசிக்கவில்லை. அத்தானின் அலைச்சலை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றுமதி செய்ய வேண்டாம். முன்னால் 'பயன்' சேர்த்து 'பயன்வலயம்' என்று ஒரே சொல்லாக்கினால் என்ன? நிலப் பயன்பாடு என்பது இரு நாட்டிலும் புரியும். 'உங்க மனை எந்தப் பயன்வலயத்துல வருது?' என்று பேச்சிலும் கேட்க முடிகிறது; நானே நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஸோனிங் என்ற செயலுக்குப் பயன்வலயமாக்கம். சான்றுக்குப் பயன்வலயச் சான்று.

இதோடு ஒன்று. பட்டியலில் செட்பேக்குக்குப் 'பின்னடைவு' என்று இருக்கிறது. தேர்தலில் தோற்றால்தான் பின்னடைவு. கொத்தனார் நூல் பிடித்து மதிலுக்கும் சுவருக்கும் நடுவே விடும் காலியிடத்துக்கு அது ஆகாது. பக்கத்தில், முன்னால், பின்னால் எங்கே விட்டாலும் பொருந்துகிற மாதிரி 'விடுவெளி' என்று திருத்தலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஞாயிறு இரவு இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்.