'ஒவ்வுமை': தொழிலகத் தேக்கத்தொட்டிகளுக்கான கலைச்சொற்கள் குறித்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்மங்களுக்கேற்ற தேக்கத்தொட்டிகளைத் தேர்வு செய்வது பற்றிய சொற்பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி' (தொட்டியின் பொருளும் நீர்மமும் ஒன்றையொன்று கெடுக்காதிருத்தல்) என்பதற்கு 'அரிப்பெதிர்ப்பு', 'இணக்கத்தன்மை', 'பொருந்துதிறன்' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. இவற்றுள் முதலாவதற்கே ஆதரவு கூடுதலாக இருப்பதால், அதை ஏன் ஏற்கக்கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இந்த ஒரு சொல் பிழையாக அமைந்தால், பட்டியலின் மற்றச் சொற்களைப் படிப்பவர் தொட்டியைப் பற்றியே தவறான எண்ணத்துடன் படிப்பார்.

'அரிப்பெதிர்ப்பு' என்பது உலோகத்தின் பண்பைக் குறிப்பது. ஆனால் தொட்டித் தேர்வில் நாம் பேசுவது ஒரு பொருளின் பண்பை அன்று. ஒரு பொருளுக்கும் ஒரு நீர்மத்துக்கும் இடையே, குறிப்பிட்ட செறிவிலும் வெப்பநிலையிலும் நிலவும் உறவை. கந்தக அமிலத்தை எடுத்துக்கொள்வோம். 98 விழுக்காட்டுச் செறிவுள்ள அமிலத்தை, அறை வெப்பநிலையில், சாதாரணக் கார்பன் எஃகுத் தொட்டியிலேயே தேக்கி வைக்கிறார்கள். அமிலம் எஃகைத் தொட்டதும் இரும்பு சல்பேட்டுப் படிவு ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு அமிலம் உள்ளே செல்லாதபடி தடுக்கிறது. அதே அமிலத்தில் நீர் கலந்து செறிவு வெகுவாகக் குறைந்தால் அந்தப் படிவு நிலைக்காது. எஃகு விரைவாகக் கரையும், ஹைட்ரஜனும் வெளிவரும். செறிவு குறையாவிட்டாலும், அமிலம் வேகமாகப் பாயும் இடத்தில் படிவு கழுவப்பட்டுவிடும். கிடைமட்டமாக அமைந்த ஆள்நுழைவாயின் கழுத்துப் பகுதியைத் திறந்து பார்த்தால், அதன் உட்புறத்தின் மேற்பாதியில் மட்டும் நகத்தால் கீறியதுபோல் நீண்ட பள்ளங்கள் இருக்கும். மேலே ஊர்ந்து செல்லும் ஹைட்ரஜன் குமிழிகள் படிவைத் தொடர்ந்து உரித்துக்கொண்டே போனதன் தடம் அது. கழுத்தின் கீழ்ப்பாதியோ பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். இப்போது சொல்லுங்கள், கார்பன் எஃகுக்கு 'அரிப்பெதிர்ப்பு' உண்டா, இல்லையா? கேள்வியே பொருளற்றுப் போகிறது.

நைட்ரிக் அமிலத்திலும் இதே கதைதான். நீர்த்த அமிலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு; 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அமிலத்துக்கு அலுமினியம்.

இனி, இதைவிட முக்கியமான மறுதிசை. தொட்டி கெடுவதை மட்டுமே 'அரிப்பெதிர்ப்பு' கணக்கில் கொள்கிறது. நீர்மம் கெடுவதைக் கண்டுகொள்வதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடில் இரும்போ செம்போ மாங்கனீசோ மிகச் சிறிய அளவில் கலந்தாலும் அது ஆக்சிசனாகவும் நீராகவும் சிதையத் தொடங்குகிறது. சிதைவு வெப்பத்தைத் தர, வெப்பம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. எனவேதான் அதற்குத் தூய அலுமினியத் தொட்டியையோ, உட்பரப்பை முன்கூட்டியே அமிலத்தால் பதப்படுத்திய துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியையோ தெரிவு செய்வதோடு, வெளியேறும் வாயுவுக்குத் தடையற்ற வழியும் வைக்கிறார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலும் நிக்கல், கோபால்ட், செம்பு போன்றவற்றின் சுவடு பட்டால் ஆக்சிசனை வெளிவிட்டு வலுவிழக்கும். இவ்விடங்களில் தொட்டிச் சுவரில் கண்ணுக்குத் தெரியும் தேய்மானம் எதுவும் இல்லாமலே தேர்வு தோற்றுவிடுகிறது.

நெகிழித் தொட்டிகளுக்கு வந்தால் 'அரிப்பு' என்ற சொல்லே பொருந்துவதில்லை. பாலிஎத்திலீன் சலவைக் கரைசலில் கரைவதுமில்லை, அதனோடு வினைபுரிவதுமில்லை. ஆனால் சுவர் இழுவிசைக்கு உட்பட்டிருக்கும் இடங்களில், அதாவது குழாய் இணைப்பைச் சுற்றியும் அடிவிளிம்பிலும், அக்கரைசல் நாளடைவில் விரிசலை உண்டாக்கும். பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பன்களோ சுவருக்குள் ஊறி அதை உப்பவும் இளகவும் செய்கின்றன. இவ்விரண்டையும் அரிப்பு என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார்.

ஆகவே என் பரிந்துரை 'ஒவ்வுமை'. ஒவ்வுதல் என்ற வினை 'ஒவ்வாத', 'ஒவ்வாது' என எதிர்மறை வடிவங்களில் நம் பேச்சில் உயிரோடிருக்கிறது. உடன்பாட்டு வடிவம்தான் அருகிப்போயிற்று. 'ஒப்புமை' என்பதன் வார்ப்பிலேயே 'ஒவ்வுமை' அமைகிறது. 'இது அதற்கு ஒவ்வும்' என்று சொல்லும்போது இருபுறமும் பார்க்கிறோம். யார் யாரைத் தாங்குகிறார் என்ற ஒருவழிப் பார்வை அதில் இல்லை. 'இணக்கத்தன்மை'யிலும் அந்த இருவழிப் பார்வை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அது மென்பொருள் துறையில் வேரூன்றிவிட்டது; மேலும் 'இணக்கத்தன்மையற்ற', 'இணக்கத்தன்மை அட்டவணை' என்று தொடர் நீளும்போது சொல் கனக்கிறது. 'ஒவ்வும் பொருள்', 'ஒவ்வாப் பொருள்', 'ஒவ்வுமை அட்டவணை' ஆகியவை வாயில் எளிதாக வருகின்றன. 'பொருந்துதிறன்' பொறிப்பாகங்களின் அளவுப் பொருத்தத்தை நினைவூட்டுவதால் அதைக் குழாய் இணைப்புகளுக்கு விட்டுவிடலாம்.

'ஒவ்வாமை' என்றாலே மருத்துவப் பொருள்தானே தோன்றும் என்ற மறுப்பு வரக்கூடும். அதை ஓரளவு ஏற்கிறேன். ஆனால் சுற்றியுள்ள சொற்கள் பொருளைத் தெளிவாக்கிவிடும். 'அலுமினியத்துக்கு எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) ஒவ்வாது' என்ற தொடரைப் படிப்பவர் எவரும் தோல் தடிப்பை நினைக்கமாட்டார். எனக்கு உண்மையில் தயக்கம் தருவது 'ஒப்புமை', 'ஒவ்வுமை' இரண்டும் எழுத்தில் மிக நெருங்கியிருப்பதுதான். ஒளியச்சுப் பக்கங்களைத் தட்டெழுதும்போது இக்குழப்பம் நேரலாம். இதற்கு மாற்று வழி தோன்றினால் நண்பர்கள் எழுதவேண்டும்.

அடுத்து, உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும் 'அட்மாஸ்பியரிக் டேங்க்' பற்றிய இழை. 'வளிமண்டலத் தொட்டி' என்பது வளிமண்டலத்தையே பிடித்து வைத்திருப்பதுபோல் ஒலிக்கிறது. 'வளியழுத்தத் தொட்டி' அதைவிடத் தீங்கானது. அழுத்திய காற்றை அடைத்து வைத்த கலன் என்றே தொழிலாளர் புரிந்துகொள்வார், உண்மை அதற்கு நேர் எதிரானது. 'திறந்த தொட்டி'யும் சரியன்று, ஏனெனில் அதற்குக் கூரை உண்டு. 'இயல்பழுத்தத் தொட்டி' என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏ.பி.ஐ.) 650-ஆம் செந்தரத்தின்படி கட்டப்படும் தொட்டிகளின் உள்ளழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல், அதிகபட்சமாக ஏறத்தாழ 17 கிலோபாஸ்கல் அளவோடு நின்றுவிடுகிறது, ஏ.பி.ஐ. 620 ஏறத்தாழ 103 கிலோபாஸ்கல் வரை செல்கிறது. இந்த இரண்டாம் வகையைத் 'தாழழுத்தத் தொட்டி' எனலாம். அதற்கு மேற்பட்டதைத் தொட்டி என்றே அழைக்காமல் 'அழுத்தக்கலன்' என்று பிரித்துவிடவேண்டும். தொட்டி, கலன் என்ற வேறுபாட்டை நாம் பட்டியல் முழுவதும் கைவிடாமல் காத்தால், சொல்லைப் பார்த்தவுடனேயே அழுத்தத்தின் அளவு ஏறக்குறைய விளங்கும். ஈழத்து வழக்கிலுள்ள 'தாங்கி' எனக்கு மிகவும் பிடித்த சொல். தொட்டிக்கு இணைச்சொல்லாக அதையும் பதிவு செய்வோம்.

இயல்பழுத்தத் தொட்டி மூச்சுவிடவேண்டும், அதாவது நிரம்பும்போதும் காலியாகும்போதும் காற்று போய்வரவேண்டும் என்பதால் 'மூச்சுக்குழாய்', 'மூச்சு அடைப்பிதழ்' ஆகிய சொற்களை அப்படியே ஏற்கிறேன். உடலியல் சொல்லாயிற்றே என்று ஒருவர் தயங்கியிருந்தார். ஆனால் வண்ணம் பூசுகையில் மூச்சுக்குழாயின் வாயில் கட்டிய பாலித்தீன் உறையை அவிழ்க்காமல் விட்டுப் பம்பை ஓட்டினால், நீர்மம் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று வராமல், வெளிக்காற்றின் அழுத்தத்தில் தொட்டி உள்நோக்கி நசுங்கிவிடும். மூச்சு என்ற சொல் அந்த எச்சரிக்கையை இயல்பாகவே தருகிறது.

'புளோட்டிங் ரூஃப்' என்பதற்கு 'மிதவைக் கூரை'யே போதும். அக்கூரையைத் தாங்குபவை பெரும்பாலும் காற்றடைத்த மிதவை அறைகளே; 'உள்மிதவைக் கூரை', 'வெளிமிதவைக் கூரை' என்று பிரிப்பதும் எளிது.

எனக்கு முடிவு தெரியாமல் நிற்பது, தொட்டிச் சுவரின் உட்புறத்தைக் காக்கும் 'லைனிங்' மட்டும். எப்பாக்சியைத் தூரிகையால் பூசுவதும், ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியின் எஃகுச் சுவரில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர்த் தாளை ஒட்டிக் கந்தகமேற்றிப் பதப்படுத்துவதும் ஒரே செயலல்ல. முன்னதற்கு 'உட்பூச்சு' பொருந்தும். பின்னதற்கு 'உள்ளுறை' என எண்ணினேன். ஆனால் கழற்றி மாற்றத்தக்க நெகிழிப் பைகளையும் சில இடங்களில் தொட்டிக்குள் பொருத்துகிறார்கள் என்பதால், உறை என்ற சொல்லை அவற்றுக்கு ஒதுக்குவதா, ரப்பருக்குக் கொடுப்பதா என்பதைக் குழுமம் முடிவு செய்யட்டும். ரப்பருக்கு 'உட்போர்த்தல்' என்றொரு சொல்லும் மனத்தில் இருக்கிறது.

அன்புடன்.