புதுக்கோட்டை எம்.பி. தொகுதியைத் திரும்பக் கேட்பது நியாயமா?

அரிமளத்தான்:
தேர்தல் நெருங்கினால் எங்கள் பக்கம் கிளம்பும் பேச்சு இது. இங்கே காரைக்குடிக்காரர்கள் நிறைய இருப்பதால் நேராகவே கேட்டுவிடுகிறேன். புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதிக்குக் கடைசித் தேர்தல் 2004. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையத்தின் வரைபடம் 2008-இல் நடைமுறைக்கு வந்தபோது தொகுதியே காணாமல் போனது. இன்று மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நாலு எம்.பி.க்களிடம் கிடக்கின்றன. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், விராலிமலை கரூரில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில்.

அதே வரைபடத்தில் பெரியகுளம் போய்த் தேனி வந்தது, சிவகாசி போய் விருதுநகர் வந்தது, திருச்செந்தூர் போய்த் தூத்துக்குடி வந்தது. அங்கெல்லாம் பெரும்பாலும் பெயர்ப்பலகைதான் மாறியது. புதுக்கோட்டையை மட்டும் ஏன் நாலாக அறுத்தார்கள்? தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 எம்.பி. தொகுதி, ஆக ஓர் எம்.பி.க்கு ஆறு. எங்கள் மாவட்டத்தில் இருப்பதும் சரியாக ஆறு. 2001 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 14,59,601. மாநில சராசரி ஒரு தொகுதிக்கு 16 லட்சம். இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகவா?

செக்காலை ரோடு:
அண்ணே, உங்கள் இலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பக்கத்து இலைகளையும் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்தில் 2001-இல் 11,55,356 பேர். சட்டமன்றத் தொகுதி நாலுதான்: காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை. ராமநாதபுரம் மாவட்டத்திலும் நாலுதான்: பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர். இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு குறைகிறது. ராமநாதபுரம் அறந்தாங்கியையும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியையும் எடுத்துக்கொண்டது. சிவகங்கை உங்களிடமிருந்து இரண்டு எடுத்தது. உங்கள் ஆறையும் திருப்பிக் கொடுத்தால் சிவகங்கையும் ராமநாதபுரமும் சேர்ந்து எட்டு. அதில் ஓர் எம்.பி.க்கு ஆறு போக மீதி இரண்டை எங்கே வைப்பது?

இன்னொன்று. திருமயம் 2008-இல் புதிதாக வந்து சேரவில்லை. அதற்கு முன்பும் சிவகங்கை எம்.பி. தொகுதியில்தான் இருந்தது. பழைய புதுக்கோட்டைத் தொகுதியில் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி இருந்தது. அப்போது மட்டும் மாவட்ட எல்லை எங்கே போனது?

கீரமங்கலத்துக்காரன்:
திருமயத்தை விடுங்கள். ஆலங்குடிக்காரனுக்குச் சிவகங்கையில் என்ன வேலை? எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், மெடிக்கல் காலேஜ் எல்லாம் புதுக்கோட்டையில். பூவும் பலாவும் ஏற்றுகிற ஊர் எங்களுடையது. சந்தைக்கும் சொந்தத்துக்கும் நாங்கள் சிவகங்கைப் பக்கம் போவதே இல்லை. எம்.பி. தேர்தல் வந்தால் மட்டும் தேர்தல் அதிகாரி சிவகங்கை கலெக்டர். பெட்டி போய்ச் சேருவது காரைக்குடி அழகப்பா வளாகத்துக்கு. மனு கொடுக்க ஒரு கலெக்டர், ஓட்டு எண்ண இன்னொரு கலெக்டர்!

ராயவரத்துப் பேத்தி:
எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் தொகுதி. நான் மாற்றிப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். ராயவரம், அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, பனையப்பட்டி என்று செட்டிநாட்டு ஊர்கள் இந்த எல்லைக்குள் எத்தனை இருக்கின்றன! புதுக்கோட்டை சமஸ்தானம் ஒரு பக்கம், சிவகங்கைச் சீமை மறுபக்கம் என்று நடுவில் கோடு போட்டது ராஜாக்கள் காலத்துக் கதை. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று நகரத்தார் கோயில் ஒன்பதும் அந்தப் பக்கம்தான். பெண் கொடுப்பது, எடுப்பது, கல்யாணச் சாமான் வாங்குவது எல்லாம் காரைக்குடியோடு. மாவட்டம் பிரித்து வைத்ததை எம்.பி. தொகுதியாவது சேர்த்து வைத்திருக்கிறது. அதையும் பிரிக்கச் சொல்கிறீர்களே.

அரிமளத்தான்:
ஆச்சி, நகரத்தார் வீட்டு உறவை வைத்துத் தொகுதி வரைய முடியாது. திருமயம் தொகுதியில் கண்மாய்ப் பாசனத்தை நம்பி விவசாயம் பார்ப்பவர்கள்தான் அதிகம். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வளவு வீடுகளுக்கு ஓட்டு இல்லை!

பழைய தோழர்:
வரலாறு தெரியாமல் பேசுகிறீர்கள் இரண்டு பக்கமும். 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. சேர்ந்ததும் திருச்சி மாவட்டத்தில் ஒரு பகுதியாக்கிவிட்டார்கள். தனி மாவட்டம் 1974 ஜனவரி 14-இல்தான். ஆனால் எம்.பி. தொகுதி முதல் பொதுத்தேர்தலிலேயே உண்டு. அதாவது மாவட்டத்துக்கு முன்பே தொகுதி. கலெக்டர் இல்லாத காலத்திலும் டெல்லியில் புதுக்கோட்டை என்ற பெயர் ஒலித்தது. அந்த முதல் தேர்தலில் ஜெயித்தது காங்கிரஸ் அல்ல, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசு. 1957-இல் காங்கிரசின் ராமநாதன் செட்டியார். 1962-இல் உமாநாத் கம்யூனிஸ்டாக ஜெயித்தார். கட்சி 1964-இல் உடைந்த பிறகு 1967-இல் மார்க்சிஸ்ட்டாக மறுபடி ஜெயித்தார். அதே 1967-இல் தமிழ்நாட்டின் எம்.பி. எண்ணிக்கை 41-இலிருந்து 39 ஆகக் குறைந்தது. அந்த வெட்டிலும் தப்பித்த தொகுதி இது. பிறகு 1996-இல் திருச்சி சிவா, 1999-இல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. என்று தனிக்கட்சி வைத்து திருநாவுக்கரசர், கடைசியாக 2004-இல் ரகுபதி. எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுக்காத தொகுதி. அப்படி ஒன்றை எடுத்தால் ஜனங்களுக்கு வலிக்காதா? 2009-இல் யாருக்கும் ஓட்டு இல்லை என்று பதியும் 49-ஓ போடச் சொன்னார்கள், நோட்டா வந்தபிறகு அதை அழுத்தச் சொன்னார்கள், சும்மா இல்லை.

செக்காலை ரோடு:
தோழர், பழம்பெருமை வேறு, கணக்கு வேறு. 39 என்பது பூட்டிய எண். 1976-இல் பூட்டினார்கள், அரசியலமைப்பின் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. பூட்டுக்குள் ஒன்று கூட்டினால் இன்னொன்று குறைய வேண்டும். யாருடையதை என்று இதுவரை யாராவது சொன்னீர்களா? சட்டமும் உங்களுக்கு உதவாது. ஒரு சட்டமன்றத் தொகுதி இரண்டு எம்.பி. தொகுதிகளில் உடையக் கூடாது என்பதுதான் கண்டிப்பு. மாவட்ட எல்லையை முடிந்தவரை பார்த்தால் போதும். வழக்குப் போடலாம் என்றால் மறுவரையறையைக் கோர்ட்டில் கேள்வி கேட்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 329-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது.

நாலு எம்.பி. என்பதையும் புலம்பலாக ஏன் பார்க்க வேண்டும்? டெல்லியில் நாலு குரல். 2009-இல் ப.சிதம்பரம் சிவகங்கையில் ஜெயித்த வித்தியாசம் 3,354 ஓட்டு. திருமயமும் ஆலங்குடியும் சேர்ந்து தொகுதியில் மூன்றில் ஒரு பங்கு. உங்களைக் கேட்காமல் இங்கே யாரும் ஜெயிக்க முடியாது.

கீரமங்கலத்துக்காரன்:
குரலா? காரைக்குடி–திருவாரூர் ரயில் பாதையைப் பாருங்கள் தம்பி. காரைக்குடி சிவகங்கைத் தொகுதி, அறந்தாங்கி ராமநாதபுரம் தொகுதி, பேராவூரணி தஞ்சாவூர் தொகுதி. மீட்டர்கேஜ் வண்டி நின்ற பிறகு அகலப்பாதை முழுசாக முடிய எத்தனை வருடம் இழுத்தது? ஒருவர் கேட்டால் இன்னொருவர் கேட்பார் என்று விட்டுவிடுவார்கள். வருடம் ஐந்து கோடி எம்.பி. நிதியிலும் எங்கள் பங்கு கடைசிப் பந்திதான். நாலு எம்.பி.க்கும் சொந்த ஊர் வேறு எங்கோ.

ராயவரத்துப் பேத்தி:
அந்தப் பாதை இழுத்ததற்கு எம்.பி. எண்ணிக்கையா காரணம்? புதுக்கோட்டைக்குத் தனி எம்.பி. இருந்த காலத்திலும் அங்கே மீட்டர்கேஜ்தானே ஓடியது! ஆலங்குடிக்காரர்கள் வேண்டுமானால் போகட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. திருமயத்தைச் சேர்த்து இழுக்காதீர்கள்.

அரிமளத்தான்:
சரி, செக்காலைத் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். திருமயம் உங்களிடமே இருக்கட்டும். ஆலங்குடி, அறந்தாங்கி, புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை, விராலிமலை எங்களுக்கு. ஆறாவதாகப் பேராவூரணி, பழையபடி. சிவகங்கைக்கு ஒன்றுதான் குறையும், மதுரையிலிருந்து மேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூருக்குப் பக்கத்துத் தொகுதிதானே.

செக்காலை ரோடு:
மேலூர் போனால் மதுரைக்கு ஒன்று குறைகிறது. பேராவூரணி போனால் தஞ்சாவூருக்கு ஒன்று. திருச்சிக்கு இரண்டு, கரூருக்கு ஒன்று, ராமநாதபுரத்துக்கு ஒன்று. திருச்சி லால்குடியையும் மண்ணச்சநல்லூரையும் இழுத்தால் பெரம்பலூர் பல்லிளிக்கும். 39 மாறாமல் இருக்கும்வரை இந்தச் சங்கிலி எங்காவது ஒரு தொகுதியை முழுசாக விழுங்கித்தான் நிற்கும்.

கீரமங்கலத்துக்காரன்:
2008-இல் எங்களை விழுங்கித்தானே நின்றது. இந்த முறை வேறு யாரையாவது விழுங்கட்டும்.

பழைய தோழர்:
மேலூர்க்காரர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா? இருந்தால் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.