பாட்டி பாப்டிஸ்ட், தாத்தா மெதடிஸ்ட்: யாருடைய பதிவேட்டில் தேடுவது?

அம்மா வழிப் பாட்டி வீட்டார் மூன்று தலைமுறையாக பாப்டிஸ்ட், தாத்தா வீட்டார் மெதடிஸ்ட், இரண்டுமே புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபைப் பிரிவுகள். தாத்தாவுக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்த பதிவு கிடைத்துவிட்டது, பாட்டிக்கு மட்டும் பிறந்த வருஷத்தை ஒட்டி எவ்வளவு தேடியும் ஒன்றுமே இல்லை. பதிவு தொலைந்திருக்குமா?

பதில்: தொலையவில்லை, இருந்திருக்கவே வாய்ப்பில்லை. பாப்டிஸ்ட்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுகிற வயது வந்த பிறகுதான் முழுக்கு, அதாவது தண்ணீரில் முழுக வைத்துக் கொடுக்கும் ஞானஸ்நானம். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் கூட்டத்தார் தொடங்கிய காலத்திலிருந்தே அவர்களின் சண்டையே இதைப் பற்றித்தானே! அதனால் பாட்டியின் பதினைந்து, இருபது வயதுப் பக்கம் சபை அங்கத்தினர் பட்டியலில் தேடுங்கள்.

பதில்: மெதடிஸ்ட் பக்கம் வேறு தொல்லை. போதகர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், பல ஆலயங்கள் சேர்ந்தது ஒரு சர்க்யூட், சில நேரம் அத்தனைக்கும் ஒரே பதிவேடு. தாத்தாவின் தம்பி தங்கைகள் வேறு ஆலயத்தின் பெயரில் இருக்கலாம். இன்னொன்று, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1791-ல் சாகும்வரை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) குருவாகவே இருந்தவர், ஆகவே ரொம்பப் பழைய மெதடிஸ்ட் குடும்பங்களை ஆங்கிலிக்கன் பதிவேட்டிலும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்: நன்றி. பாட்டியின் வேதாகமத்தை இப்போதுதான் எடுத்தேன். முன்அட்டையின் உள்பக்கம் மங்கிய நீல மையில் ஒரு தேதி, பக்கத்தில் "முழுக்கு". அப்போது அவருக்கு 19 வயது. இத்தனை நாள் அதைக் கல்யாணத் தேதி என்றே நினைத்திருந்தோம்.