உறையின் பின்பக்கத்தில் கிடைத்தவை

பழைய அஞ்சல் உறைகளைத் தேடி அலையும் நண்பர்கள் பலரும் தங்களுக்குக் கிடைத்த அரிய அஞ்சல்தலைகளைப் பற்றியே பகிர்ந்திருக்கிறார்கள். எனக்குச் சொல்ல நேர்வது பெரும்பாலும் தலை ஒட்டாத பக்கத்தைப் பற்றியது. உறையைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். அனுப்பிய ஊரின் முத்திரை முன்பக்கத்தில் இருக்கும். அந்தக் கடிதம் எந்த வழியாகச் சென்றது, எந்த நாளில் போய்ச் சேர்ந்தது, ஆளைக் காணாமல் எத்தனை தெரு சுற்றியது என்பவையெல்லாம் பின்பக்கத்தில்தான் பதிவாகியிருக்கும்.

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்களோடு கடிதக் கட்டுகளும் எப்போதாவது வரும். அங்கே ஒரு கடைக்காரர், ஒரு கட்டு உறைகளின் வலது மேல்மூலையை மட்டும் கத்தரித்துத் தனியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். எஞ்சிய உறைகள் எடைக்குப் போகக் காத்திருந்தன. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கவரோட யார் சார் வாங்குறாங்க? ஸ்டாம்பு மட்டும்தானே கேக்குறாங்க" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை; கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள், வாங்கிப்போய் வெந்நீரில் ஊறவைத்துத் தாளையும் உரித்துவிடுகிறார்கள். வெட்டிய தலையில்கூடச் சில சமயம் செய்தி எஞ்சும் என்பது உண்மைதான். பினாங்கும் சிங்கப்பூரும் 1867 வரை இந்திய அஞ்சல்தலைகளையே பயன்படுத்தின. அக்காலத்து விக்டோரியா தலை ஒன்றின்மீது 'பி 172' என்ற எண் குத்தியிருந்தால் அது சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது யாருக்குப் போயிற்று, எப்போது போய்ச் சேர்ந்தது, எடைக்கு ஏற்ற கட்டணம்தான் செலுத்தப்பட்டதா என்பவற்றைத் துண்டுத் தாளிலிருந்து யாராலும் மீட்க முடியாது. 1854 அக்டோபர் 1 அன்று இந்தியா முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்து, கால் தோலா எடைக்குள் உள்ள கடிதத்தை அரையணாவுக்கு எந்த ஊருக்கும் அனுப்பலாம் என்றானது. அதற்கு முன் தூரத்துக்குத் தூரம் கட்டணம் மாறியது. பணம் கட்டாத கடிதத்துக்குப் பெறுகிறவரே பணம் கொடுத்தார். அந்த மாற்றத்துக்குச் சான்றாக இருப்பவை முழு உறைகளும் மடித்து அரக்கு வைத்த பழைய கடிதத் தாள்களும்தான்.

அந்தக் கட்டை நான் அப்படியே விலைபேசி வாங்கினேன். மூலை போன உறைகள் என்றாலும் பின்பக்கங்கள் முழுதாக இருந்தன.

இதுவரை எனக்கு அமைந்த சந்திப்புகளில் நான் அதிகம் கற்றுக்கொண்டது, காரைக்குடிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து பல ஆண்டுகளாகக் கீழ்ப்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தில்தான். ஊர் வீட்டைப் பாகம் பிரித்தபோது ஒரு தகரப் பெட்டி சென்னைக்கு வந்திருக்கிறது. அதில் கம்பியோடு கடிதங்கள். அந்தக் காலத்து வீடுகளில் மரக்கட்டையில் பொருத்திய வளைந்த கம்பியில் கடிதங்களைக் குத்திவைப்பது வழக்கம். நடுவில் துளை விழுந்த உறையைப் பார்த்தால் பல சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள், விலையும் குறைப்பார்கள். எனக்கு அந்தத் துளையின்மேல் பெரிய மரியாதை உண்டு. கம்பியில் ஏறிய வரிசை கலையாமல் இருந்தால், தேதி அழிந்துபோன உறைக்கும் அதன் மேலும் கீழும் உள்ளவற்றை வைத்துக் காலம் சொல்லிவிடலாம். அதனால் கம்பியிலிருந்து கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் வரிசை எண் இட்ட துண்டுச் சீட்டை வைத்தேன். உறையின்மேல் எதையும் எழுதவில்லை.

வீட்டு ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "இதெல்லாம் எங்க ஐயா ரங்கூன்ல இருந்து எழுதுனது தம்பி" என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். ரங்கூன் மொகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் பலரில் அவருடைய பாட்டனாரும் ஒருவர். கடையை நடத்திய மேலாளுக்கும் ஊரில் இருந்த முதலாளிக்கும் இடையே சென்ற கணக்குக் கடிதங்களே மிகுதி. உறையில் ஆளின் பெயருக்கு முன்னால் தலைமுறைகளின் முதலெழுத்துகள் வரிசையாக நிற்கும். அந்த எழுத்துகளே கடையின் விலாசம். தபால்காரருக்கு அது போதுமாயிருந்தது.

உள்ளே, பிள்ளையார் சுழிக்குக் கீழே தமிழ்த் தேதி. இங்கேதான் முத்திரையின் அருமை தெரிந்தது. ஒரு கடிதத்தில் 'தாது வருடம் பங்குனி' என்று இருந்தது. நாள் எண்ணின்மேல் மை கசிந்து படிக்க முடியவில்லை. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை சுழன்று வருவதால் தாது என்பது பஞ்சத்தால் இன்றும் நினைக்கப்படும் 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். உறையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்ததால் இரண்டாவதே என்பது உடனே தெளிவு. ஆனால் அந்தத் தாது வருடத்துப் பங்குனிக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தது. அதுவரை ரங்கூன் அஞ்சலகங்களில் இந்திய அஞ்சல்தலைகளே விற்றன. அன்று முதல் அதே ஐந்தாம் ஜார்ஜ் தலைகள், மேலே 'பர்மா' என்ற சொல்லைக் கூடுதலாக அச்சிட்டு, அதாவது மேலச்சடித்து, வெளிவந்தன. ஏப்ரல் 1 அந்தப் பங்குனியின் பிற்பாதியில் விழுகிறது. ஆக ஒரே பங்குனியில், ஒரே மேலாள், ஒரே முகவரிக்கு எழுதிய கடிதங்களில் முன்னதில் மேலச்சு இல்லாத தலையும் பின்னதில் மேலச்சுள்ள தலையும் இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கம்பியில் அப்படியே இருந்தது. நாள் அழிந்த கடிதத்தின் தலையில் மேலச்சு இல்லை. கம்பியில் அதற்கடுத்து இருந்ததில் மேலச்சு உண்டு. இரண்டின் பின்பக்கத்திலும் ஊர் வந்து சேர்ந்த முத்திரை தெளிவாகவே விழுந்திருந்தது. ஒரு நாடு பிரிந்த செய்தியை உள்ளே இருந்த கடிதங்கள் இரண்டுமே கண்டுகொள்ளவில்லை. வரவேண்டிய வட்டியைப் பற்றியும் ஒரு கல்யாணத்துக்கு வாங்கவேண்டிய சாமான்களைப் பற்றியும்தான் எழுதியிருந்தார்கள்.

பேச்சுவாக்கில், ஓரத்தில் கறுப்பு மை தடவிய கார்டு ஏதேனும் இருக்கிறதா என்று ஆச்சியிடம் கேட்டேன். கால் அணா தபால் கார்டு 1879 ஜூலை 1 முதல் புழக்கத்துக்கு வந்தது. மலிவும் விரைவும் சேர்ந்ததால் சாவுச் செய்தி சொல்லவும் ஊரெங்கும் அது பயன்பட்டது. ஆச்சி கையை உதறிக்கொண்டு, "அதைப் படிச்ச கையோட கிழிச்சுப் போட்டுறணும் தம்பி, வீட்டுக்குள்ள வைக்கலாமா?" என்றார். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதங்கள் கட்டுக் கட்டாகக் கிடைப்பதும், கணக்குக் கடிதங்கள் கம்பியோடு கிடைப்பதும், கருமாதிக் கார்டுகள் கிடைக்காமலே போவதும் தற்செயல் என்று இனி யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஆல்பங்களை வைத்து அந்தக் காலத்து மக்கள் எதை எழுதிக்கொண்டார்கள் என்று கணக்குப் போடுகிறவர்கள், வீட்டு வாசலிலேயே கிழிந்துபோனவற்றையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

அடுத்த சந்திப்பு அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் அஞ்சல்தலைப் பிரிவில் நிகழ்ந்தது. அந்தப் பிரிவு இயங்கும் கட்டடமே ஒரு சேகரிப்புப் பொருள்தான்: 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டர் என்ற பெயரில் சினிமாக் கொட்டகையாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் அஞ்சல் துறையின் கைக்கு வந்தது. அங்கே நினைவுத் தலை வாங்க வந்திருந்த முதியவர் ஒருவர், பணிக்காலம் முழுவதையும் கடிதம் பிரிப்பதிலேயே கழித்து ஓய்வு பெற்றவர். என் பையில், சேர்ந்த தேதி அனுப்பிய தேதிக்கு ஒரு நாள் முந்தியிருக்கும் உறை ஒன்று இருந்தது. பெரிய அபூர்வம் என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்றது. முதியவர் அதைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முத்திரைக் கட்டையில் தேதி எழுத்துகளைக் காலையில் கையால் மாற்றிப் பூட்டவேண்டும் என்றும், மாற்றியவுடன் ஒரு புத்தகத்தில் குத்திச் சரிபார்க்க வேண்டும் என்றும், கூட்டம் நெருக்கும் நாளில் அந்த மாற்றம் விடுபட்டுப் போவதுண்டு என்றும் விளக்கினார். "தேதி பொய் சொல்லும் சார், ரெண்டு முத்திரையைச் சேர்த்துப் பார்த்தாத்தான் நிஜம் வரும்" என்பது அவர் கணக்கு. அதன்பின் ஒற்றை முத்திரையை மட்டும் நம்பி நான் எந்த உறைக்கும் தேதி எழுதுவதில்லை. முத்திரை விளிம்பில் எழுத்து மழுங்கியிருப்பதைக் கொண்டு கட்டையின் தேய்மானத்தையும், அதைக் கொண்டு ஏறத்தாழ ஆண்டையும் கணிக்கலாம் என்றும் அவர் சொன்னார். அதற்கு ஒரே அஞ்சலகத்தின் முத்திரைகள் வரிசையாக வேண்டும், அந்த அளவுக்கு என்னிடம் இன்னும் சேரவில்லை.

முகவரியும் காலத்தைக் காட்டும். தியாகராய நகரில் ஒரே வீட்டுக்கு வந்த உறைகளை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. தொடக்கத்தில் 'மதராஸ்-17' என்றும், பின்கோடு அறிமுகமான 1972 ஆகஸ்டு 15க்குப் பிறகு மெல்ல மெல்ல '600017' என்றும், 1996க்குப் பிறகு 'சென்னை' என்றும் மாறிக்கொண்டே வந்தது. பழைய வட்டார எண்ணே புதிய ஆறு இலக்கத்தின் வாலில் அமர்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வரிசையில் பெங்களூரிலிருந்து வந்த ஓர் உறையில், வழக்கமான கட்டணத்தோடு கூடுதலாக 5 பைசாத் தலை ஒட்டியிருந்தது. வங்கதேச அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் வசூலித்த கூடுதல் வரி அது. தனியே அச்சிட்ட அகதி நிவாரணத் தலை கைக்கு வரும் முன் இருந்த தலைகளின்மீதே சில ஊர்களில் உள்ளூரில் மேலச்சிட்டுக் கொடுத்தார்கள். பெங்களூர் அவற்றுள் ஒன்று. அந்த வீட்டாருக்கு அது ஏதோ கறை பட்ட ஸ்டாம்பாகத் தெரிந்திருக்கிறது.

நாகர்கோவில்காரர் ஒருவர் அடையாறு வீட்டில் காட்டிய அஞ்சல் உறைகளைப் பற்றியும் ஒரு வரி. திருவிதாங்கூர் சமஸ்தானம் தொடங்கிய 'அஞ்சல்' என்ற சொந்தத் தபால் அமைப்பு 1951 வரை இயங்கியது. சங்கு பொறித்த தலை, சக்கரம் என்ற சமஸ்தான நாணயக் கணக்கில் விலை. இன்றைய தமிழ்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்த உறையில் ரூபாய் அணா இல்லாமல் சக்கரம் இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம்.

போலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு கண்காட்சிக்கு வெளியே ஒருவர், 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் சென்ற உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சலின் உறை என்று ஒன்றை நீட்டினார். முன்பக்கத்தில் விமானமும் மலையும் உள்ள சிவப்பு முத்திரை பளபளவென்று இருந்தது. பின்பக்கத்தில் எதுவும் இல்லை. வெளியூர் முகவரி எழுதிய உறை அந்த ஊரை எட்டியதற்கான அடையாளமே காணோம். மை, தாளின் இழைக்குள் இறங்காமல் மேலே மினுங்கியது. விலையைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சேர்ந்த முத்திரை இல்லாததாலேயே ஓர் உறை போலியாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய பெயர் சொல்லி விற்கிறவர் அதைவிட வலுவான சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

பாதுகாப்புக்கு நம் ஊர்க் காற்றே முதல் எதிரி. கடலோர ஈரத்தில் உறையின் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்க்காமல், அறிந்தவரிடம் கொடுப்பது நல்லது. செல்லோடேப் எக்காலத்துக்கும் கூடாது. மலிவான பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் தாளைக் கெடுக்கும். அமிலம் இல்லாத தாளோ பாலியெஸ்டர் உறையோதான் தகும். பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்தால் பூச்சியும் பூஞ்சையும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

உள்ளே இருக்கும் கடிதத்தை என்ன செய்வது என்பதில் நண்பர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. வீட்டார் அறியாமல் கடிதத்தின் உள்ளடக்கத்தைப் படம் எடுத்து வெளியிடுவதை நான் ஏற்பதில்லை. கீழ்ப்பாக்கம் வீட்டில் கடிதங்களை ஆச்சியிடமே விட்டுவிட்டு, உறைகளை இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டேன். அவராகவே சில உறைகளைத் தந்தார்.

இப்போது எனக்கு வேண்டியது, 1937 மார்ச் கடைசி வாரத்திலும் ஏப்ரல் முதல் வாரங்களிலும் ரங்கூனிலிருந்து தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்த உறைகளின் விவரம். ரங்கூன் முத்திரைக்கும் ஊர் முத்திரைக்கும் இடையே எத்தனை நாள் என்பதையும், மேலச்சில்லாத தலை ஏப்ரல் பிறந்த பின்னும் எங்கேனும் செல்லுபடியானதா என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். உங்களிடமோ உங்கள் உறவினர் வீட்டுப் பெட்டியிலோ அப்படி ஏதேனும் இருந்தால், தயவுசெய்து இரு பக்கங்களின் படத்தையும் பகிருங்கள். கம்பித் துளை இருந்தால் அதையும் மறைக்காமல் எடுங்கள்.