மாவட்ட மருத்துவமனை ரேடியாலஜிஸ்டுக்கு ஆராய்ச்சி எதற்கு?

இருட்டறை_புதுசு கேட்கிறார்:

எம்.டி. ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே படம் பார்த்து நோய் சொல்லும் துறை) முடித்து, ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. தினமும் ஐம்பது யூ.எஸ்.ஜி. (அல்ட்ராசவுண்ட்), நடுநடுவே சி.டி., சாலை விபத்து வந்தால் அதுவும். நேற்று டீக்கடையில் ஒரு சர்ஜன் சிரித்துக்கொண்டே, "நீங்க போட்டோகிராபர், கத்தி பிடிக்கிறது நாங்கதானே" என்றார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேள்வி இதுதான். ரேடியாலஜிஸ்ட் என்று ஒருவர் உண்மையில் எதையாவது கண்டுபிடித்திருக்கிறாரா? எக்ஸ்ரே இயற்பியல்காரருடையது, சி.டி. இன்ஜினியருடையது. படத்தைப் பார்த்து நான்கு வரி எழுதுவதுதான் நம் பங்கா? பெரிய இன்ஸ்டிட்யூட்டில் இல்லாத ஒருவருக்கு இதில் செய்ய ஏதாவது இருக்கிறதா?

மூணு_சென்டர் பதில்:

தம்பி, நான்கு மாதத்தில் இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். லோன் கட்ட ஆரம்பித்தால் தானாகப் போய்விடும். நான் மூன்று சென்டருக்கு ரிப்போர்ட் எழுதுகிறேன், ஒன்றுக்குக் காரில் போகிறேன், இரண்டுக்கு வீட்டில் உட்கார்ந்தே. 2016-லேயே ஏ.ஐ. விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன், இனி ரேடியாலஜிஸ்டுகளை உருவாக்குவதையே நிறுத்தலாம், ஐந்து வருடத்தில் கணினி நம்மைவிட நன்றாகப் பார்த்துவிடும் என்றார். ஐந்து வருடம் தாண்டியும் என் லிஸ்ட் குறையவில்லை. இருக்கும்வரை சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பிலிம் பதில்:

தம்பி, நான் 1996-ல் இந்தத் துறைக்கு வந்தவள். டார்க் ரூமிலிருந்து சொட்டச் சொட்ட வரும் பிலிமைக் கிளிப்பில் தொங்கவிட்டு, காய்வதற்குள் "மேடம், என்ன இருக்கு?" என்று வாசலில் நிற்பார்கள். அந்தப் போட்டோகிராபர் ஜோக் அப்போதே பழசு.

உங்கள் சர்ஜனிடம் ஒன்று கேளுங்கள். ஐ.சி.யூ.வில் கழுத்து ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்று மருந்து ஏற்றும் குழாய் போடுகிறார்களே, அந்த முறைக்கு என்ன பெயர்? செல்டிங்கர் என்பார். செல்டிங்கர் யார் என்று அடுத்து கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

ஸ்வென்-இவார் செல்டிங்கர் ஸ்வீடன்காரர், ரேடியாலஜிஸ்ட். ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஜூனியராக இருந்தார். அன்றைக்குத் தமனிக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட இரண்டே வழி. ஒன்று, தோலை வெட்டித் தமனியை வெளியே எடுப்பது. இல்லையென்றால், கதீட்டர் உள்ளே நுழையும் அளவுக்குத் தடிமனான ஊசியால் குத்துவது. இரண்டாவதில் ஓட்டை கதீட்டரைவிடப் பெரிதாக இருக்கும், சுற்றிலும் ரத்தம் கசியும். செல்டிங்கர் செய்தது ஒரு வரிசை மாற்றம்தான்: மெல்லிய ஊசி, அதன் வழியே வளையும் கம்பி, ஊசியை உருவிவிடு, கம்பியின் மேலேயே கதீட்டரை ஏற்று. கதீட்டர் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்காரும். 1953-ல் ஆக்டா ரேடியாலஜிகா இதழில் எழுதினார்.

டாக்டர் பட்டத்துக்கு இது போதாது என்றுவிட்டார்கள், ரொம்ப எளிமையாம்! 1966-ல் தோல் வழியே பித்தக்குழாயைப் படமெடுக்கும் வேறொரு வேலைக்குத்தான் பட்டம் வாங்கினார். அப்புறம் சொந்த ஊரான மூராவுக்குத் திரும்பி, அங்குள்ள மருத்துவமனையில் ரேடியாலஜி துறையைப் பார்த்துக்கொண்டார். மூரா என்றால் நம் கணக்கில் ஒரு தாலுகா ஊர், 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் வந்து முடிகிற இடம் என்பதால் பெயர் தெரியும். இன்று ஆஞ்சியோ, ஸ்டென்ட், டயாலிசிஸ் கதீட்டர், சீழ் வடிக்கும் டியூப் எதை எடுத்தாலும் உள்ளே அந்தக் கம்பி இருக்கிறது. கத்தி பிடிப்பவர்களும் அதைப் பிடித்துத்தான் போகிறார்கள்.

அடுத்தவர் அந்தக் கம்பியை வைத்தே சிகிச்சையில் இறங்கியவர். அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர், அவரும் ரேடியாலஜிஸ்ட். 1964 ஜனவரி 16. 82 வயது மூதாட்டி, கால் விரல் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அந்தம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். டாட்டர் தொடைத் தமனியின் அடைப்புக்குள் கம்பியை விட்டு, அதன் மேல் சற்றுத் தடிமனான கதீட்டர், அதன் மேல் இன்னும் தடிமனானது என்று ஏற்றி வழியைத் திறந்தார். கால் சூடேறியது, வலி போனது, சாகும்வரை அவர் சொந்தக் காலில்தான் நடந்தார்.

உடனே மாலை போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். "கிறுக்கு சார்லி" என்றார்கள். அவருக்கு வந்த ஒரு ரிக்வெஸ்ட் தாளில் சர்ஜன் எழுதியிருந்தது: படம் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம்! உங்கள் டீக்கடை சர்ஜனின் தாத்தா போலிருக்கிறது. 1977-ல் சூரிச்சில் க்ருண்ட்ஸிக் என்ற டாக்டர், அடைப்பை விரிக்கும் பலூனை இதயத் தமனிக்குக் கொண்டுபோனபின் அது இதயநோய்க்காரர்களின் சொத்தாகிவிட்டது. நம் துறையின் கதையே இதுதான். கண்டுபிடித்துக் கொடுப்போம், வேறு வீட்டுக்கு மருமகளாகப் போய்விடும்.

சி.டி. இன்ஜினியருடையது என்றீர்கள். சரிதான், அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டரே அல்ல. ஆனால் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, மூளை மாதிரிகளைக் கொடுத்து, 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியை ஸ்கேனில் படுக்கவைத்தது ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற ரேடியாலஜிஸ்ட். 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், சி.டி.யின் கணக்கைப் போட்ட கார்மக்குக்கும் போனது. ஆம்ப்ரோஸ் பெயர் நம் பி.ஜி. மாணவர்களுக்கே தெரியாது.

பெரிய இன்ஸ்டிட்யூட் பற்றிக் கேட்டீர்களே. மூரா இருக்கும் அதே மாகாணத்தில் ஃபாலுன் என்று ஓர் ஊர். ஹங்கேரியிலிருந்து வந்த லாஸ்லோ டபார் என்ற ரேடியாலஜிஸ்ட் அங்கே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்துக்கொண்டிருந்தார். 1977-ல் தொடங்கி இரண்டு மாவட்டங்களில், 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினரை மேமோகிராமுக்கு அழைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 1985-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: அழைக்கப்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு 31 சதவீதம் குறைவு. தேவையில்லாத சிகிச்சை பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை, அது வேறு.

கணினியைச் சொல்லிப் பயமுறுத்தும் நண்பருக்கு: அதே ஸ்வீடனில் கிறிஸ்டினா லாங் என்ற ரேடியாலஜிஸ்ட் 80,000 பெண்களின் மேமோகிராமை வைத்துச் சோதித்து, ஏ.ஐ. துணையோடு பார்த்தால் படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைகிறது என்று 2023-ல் காட்டினார். கருவியைச் சோதிக்கவும் நம் ஆள் வேண்டியிருக்கிறது.

என் கதை சின்னது. ஆரம்பத்திலிருந்தே ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். கேஸ் நம்பர், நான் எழுதியது, வயிற்றைத் திறந்தபோது இருந்தது, மூன்றே கட்டம். ஒரு வருடம் ஒல்லியான இரண்டு பாட்டிகள், இருவருக்கும் குடல் அடைப்பு. சி.டி.யில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினேன். இருவருக்குமே ஆப்டுரேட்டர் ஹெர்னியா, இடுப்பெலும்பின் துவாரத்தில் குடல் சிக்கிக்கொள்வது. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், ஹெர்னியா இருக்கும் இடத்துக்கு மேலேயே ஸ்கேன் நின்றுவிட்டது. தப்பு கண்ணில் இல்லை, எல்லைக்கோட்டில். அடுத்த நாளே டெக்னீஷியனைக் கூப்பிட்டு, குடல் அடைப்பு என்றால் தொடை எலும்பின் சிறு முண்டு வரை வரவேண்டும் என்று சுவரில் ஒட்டினேன். ஒரு மாநாட்டில் அதை போஸ்டராக வைத்தேன். நின்று படித்தவர்கள் ஏழு பேர், அதில் ஒருவர் காபி எங்கே என்று கேட்க வந்தவர்.

ஐசியூ_நைட் பதில்:

நான் மயக்கமருந்து டாக்டர். பதினோரு வருடமாக வாரத்துக்கு நாலு சென்ட்ரல் லைனாவது போடுகிறேன். செல்டிங்கர் எங்கள் ஆள் என்றே நினைத்திருந்தேன், மன்னிக்கவும். மேடம், கம்பியை மட்டும் கையிலிருந்து விடாதே என்று ஜூனியர்களிடம் கத்துவேன். இனி கத்தும்போது பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இருட்டறை_புதுசு:

நன்றி மேடம். இன்று காலை ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் அதே சர்ஜனிடம் போன மாத லிஸ்டைக் கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் கொடுத்தார். நான் அப்பெண்டிசைட்டிஸ் என்று எழுதிய ஒன்பதில் இரண்டு அப்பெண்டிக்ஸ் சாதாரணமாக இருந்ததாம். இரண்டுமே இளம் பெண்கள். இதை நோட்டில் எழுதவே கை கூசுகிறது.

ஈரப்பிலிம்:

எழுதுங்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று நாலாவதாக ஒரு கட்டமும் போடுங்கள். சினைப்பையைப் பார்த்தீர்களா இல்லையா என்பதையும், அந்த வலியும் அப்பெண்டிக்ஸ் வலி போலவே இருக்கும். இரண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இருபது சேரட்டும். அந்த சர்ஜனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், லிஸ்ட் அவரிடம்தானே இருக்கிறது.