காட்டுப் பாதையில் விழுந்த பிறகு எதையெல்லாம் பார்க்கணும்?

பைன்காட்டான்:
கொடைக்கானல் பக்கம் பைன் காட்டு இறக்கத்தில் சைக்கிள் ஓட்டினேன். ஈர வேரில் முன் டயர் வழுக்கி, வலப்பக்கம் விழுந்தாச்சு. கை ஊன்றியதில் கட்டைவிரல் அடியில் வலி. கியர் மாத்தினா கடகடன்னு சத்தம். எப்போ திரும்ப ஓட்டலாம்?

செயின்ஆயில்:
பின்சக்கரத்தில் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்கு கியரை ஏத்தவே ஏத்தாதீங்க. டீரெய்லரை (கியர் மாத்தும்போது செயினை நகர்த்துற பின் கருவி) ஃபிரேமோடு பிடிக்கிற ஹேங்கர் வளைஞ்சிருக்கும். அந்த கியரில் டீரெய்லர் ஸ்போக்குக்குள்ள போனா சக்கரமே காலி. பின்னால் நின்னு பாருங்க: டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரமும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் நிக்கணும். நிக்கலைன்னா உங்க ஃபிரேம் மாடலுக்கான புது ஹேங்கர் போடுங்க. ஹெல்மெட் தரையில் இடிச்சிருந்தா அதையும் மாத்துங்க. உள்ளே இருக்கிற தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினா மறுமுறை அடி தாங்காது.

மணிக்கட்டு:
சைக்கிள் கிடக்கட்டும் தம்பி, முதல்ல கை. கட்டைவிரலை விரிச்சா மணிக்கட்டில் ஒரு குழி விழும், அதை அழுத்துங்க. அங்கே வலிச்சா ஸ்கேஃபாய்டுங்கிற சின்ன மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. கட்டுப் போட்டு 10–14 நாளில் மறுபடி எடுப்பாங்க. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காம விட்டா சேராமலே போயிடும். டாக்டர் சொல்லாம ஹேண்டில்பாரைத் தொடாதீங்க. தலைவலி, வாந்தி, குழப்பம் இருந்தா உடனே ஆஸ்பத்திரி.

ஈரவேர்:
கை சரியானதும்: வேரைக் குறுக்கே நேரா கடங்க, சாய்வா போனாத்தான் வழுக்கும். வேகத்தை முன்னாடியே குறைச்சிடுங்க. வேர் மேல பிரேக் கூடாது. 70 கிலோ ஆளுக்கு 2.4 இன்ச் அகல டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) முன் டயரில் 20–22 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும்.